பொறிக்கு முன் கணக்கு

நோர்ட்டன்பிரிஜ் மின்நிலையத்துக்கு டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பஸ் போகும் வழியில் கண்ணில் படும் ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பொறியியலாளர் எதை முதலில் செய்தார், எதை அடுத்துச் செய்தார் என்ற வரிசையை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 1912இல், நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்க, நானுஓயா வழியில் பிளக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918இல், இலங்கையில் மின்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றிப் பொறியியலாளர் சங்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கொண்டுவரும் தண்ணீரை விழச் செய்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று எண்களால் வாதாடிய கட்டுரை அது. அந்தக் கனவான லக்சபான நீர்மின் திட்டத்தின் முதல் கட்டம் ஓடத் தொடங்கியதோ 1950இல். நடுவே முப்பத்திரண்டு வருடம். தாமதத்துக்குப் பணமும் அரசியலும் காரணம், கணக்கு பிழைக்கவில்லை. சின்னதாக ஒன்றைக் கட்டிப் பார், பெரியதைத் தாளில் கணித்துப் பார், பிறகு மலையைக் குடை: மலையகத்தின் மின்சாரம் இந்த ஒழுங்கில்தான் பிறந்தது. அதன் கம்பிகள் லயங்களின் தலைக்கு மேலே கொழும்புக்குப் போன காலத்தில் கீழே குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பது வேறு கதை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு முற்றிலும் வேறான கதையும் அல்ல.

இன்று கைபேசித் திரையில் ஊதா நிறப் பொறி கக்கும் டெஸ்லா சுருளைப் பார்க்காத உயர்தர விஞ்ஞான மாணவரைக் காண்பது அரிது. நிக்கொலா டெஸ்லா 1891இல் உருவாக்கிய கருவி அது. அவர் காலத்தில் இரண்டு உலோகக் குமிழ்களுக்கு நடுவே பொறி பாய்ந்து அதை இயக்கியது. இப்போது அந்த இடத்தில் இரண்டு மொஸ்பெட் திரான்சிற்றர்கள் உட்கார்ந்திருக்கின்றன. சத்தம் குறைந்துவிட்டது, முழுக் கருவியும் ஒரு பிஸ்கட் டின்னுக்கு மேலே நிற்கிறது. வீடியோவைப் பார்த்து, பாகங்களை வாங்கி, ஈயம் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: ‘டப்’ என்று திரான்சிற்றர் வெடிக்கும். ஏன் வெடித்தது என்று தெரியாமலே இன்னொன்றை வாங்குவார்கள். அதுவும் வெடிக்கும். மலையகப் பாடசாலைகளில் இந்தச் சுருளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். பொறி அழகாக இருப்பதால் அதைச் சொல்லவில்லை. தாளில் கணிப்பது, கணினியில் ஒத்திகை பார்ப்பது, கையால் கட்டுவது ஆகிய மூன்றும் எங்கே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று தேட வைக்கும் கருவிகளில், ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் விலையில் இருப்பது இதுதான்.

விலை என்றதும் கணக்கைப் போட்டுவிடுவோம். குழாய்க் கடையில் கிடைக்கும் 63 மில்லிமீற்றர் பீ.வீ.சி. குழாயில் ஒரு துண்டு. மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் இனாமல் பூசிய 0.2 மில்லிமீற்றர் செப்புக் கம்பி. அதை 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு இடைவெளியில்லாமல் சுற்றினால் ஏறத்தாழ 900 சுற்று. கம்பி 180 மீற்றர் அளவுக்குப் போகும். இதுதான் துணைச் சுருள். இதன் தூண்டுதிறனைக் கண்டுபிடிக்க ஹரல்ட் வீலர் 1928இல் கொடுத்த ஒற்றை வரிச் சூத்திரம் போதும். விடை கிட்டத்தட்ட 14 மில்லிஹென்றி. சுருளுக்குத் தானாகவே இருக்கும் கொள்ளளவம் 4 பிக்கோபரட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த நிலையில் அதன் பரிவு மீடிறன் சுமார் 680 கிலோஹேர்ட்ஸ். இரண்டு சில்வர் கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டி 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கோளம்போல் ஆக்கி உச்சியில் வைத்தால் இன்னும் ஐந்தரை பிக்கோபரட் சேரும். மீடிறன் 440க்கு இறங்கிவிடும். சமையலறைக் கிண்ணம் ஒன்று 240 கிலோஹேர்ட்ஸை இழுத்துக் கீழே கொண்டுவருகிறது. பரிவு மீடிறனுக்கான சூத்திரத்தை மனனம் செய்து பரீட்சைத் தாளில் எழுதிய மாணவிக்கு, வர்க்கமூலத்துக்குள் இருக்கும் ‘C’ என்ற எழுத்து அம்மா சம்பல் வைக்கும் கிண்ணம்தான் என்று தெரியும் நேரம் இதுவே.

அடியில், தடித்த கம்பியால் ஐந்தாறு சுற்று முதற்சுருள். அதற்கு அந்த 440 கிலோஹேர்ட்ஸில் முன்னும் பின்னும் மின்னோட்டம் அனுப்ப வேண்டும். இதைச் செய்வது அரைப்பாலச் சுற்று: வழங்கலின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே தொடராக இரண்டு மொஸ்பெட்கள். மேலே உள்ளது திறக்கும்போது கீழே உள்ளது மூடியிருக்க வேண்டும், பிறகு மாறி. ஒவ்வொன்றின் முறையும் 1.1 மைக்ரோசெக்கன்தான். அதற்குள் ஒன்று முழுதாக மூடும் முன் மற்றது திறந்துவிட்டால், வழங்கலின் இரு முனைகளும் நேராகக் கைகுலுக்கிக்கொள்ளும். அந்த ‘டப்’ சத்தம் இதுதான். தவிர்க்க, இரண்டும் மூடியிருக்கும் ஒரு சிறு இடைவேளை வேண்டும், ஒரு மைக்ரோசெக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவில். கண்ணுக்குத் தெரியாத, மல்ரிமீற்றருக்கும் அகப்படாத இந்த இடைவேளையை ஒரு மாணவர் எங்கே பார்ப்பார்? சிமுலேஷனில் பார்க்கலாம். இடைவேளையைப் பூச்சியமாக்கினால் திரையில் மின்னோட்டக் கோடு ஊசிபோல எழுந்து நிற்கும்; புகை வராது, காசும் போகாது. ஓர் எண்ணை மாற்றினால் ஊசி அடங்கும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் பிறந்த ஸ்பைஸ் என்ற நிரலின் பரம்பரையைச் சேர்ந்த எல்.ரி.ஸ்பைஸ் இன்று இலவசம். சாதாரணப் பழைய கணினியில் ஓடும். அதுவும் இல்லாதவர்களுக்கு ஃபால்ஸ்டாட் என்பவரின் சுற்று விளையாட்டுக் களம் கைபேசி உலாவியிலேயே திறக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்து, இறக்குமதித் தடையில் ஒரு சில்லுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய நாட்டில், வெடிக்காத திரான்சிற்றர் ஒன்றின் பெறுமதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் திரையோடு நிறுத்திக்கொள்ளலாமே, எதற்காகக் கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். அழகான கேள்வி. திரைக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன, பாடமே அங்கேதான் தொடங்குகிறது. நாம் மேலே கணித்த சுருளின் தரக்காரணி, அதாவது பரிவின் கூர்மை, 200 என்று வைத்துக்கொண்டால், அது ‘கேட்கும்’ மீடிறன் வீச்சு வெறும் 2 கிலோஹேர்ட்ஸ் அகலம். ஆனால் பக்கத்தில் ஒரு கையைக் கொண்டுபோய் ஒரு பிக்கோபரட் கூட்டிவிட்டாலே பரிவு 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் நழுவிவிடும். கணினி சொன்ன 440இல் பிடிவாதமாக ஓட்டினால் சுருள் செத்த பாம்பாகக் கிடக்கும். தப்புக் கலைஞர்களுக்கு இந்தச் சங்கதி பழகியது. பனிமூட்டத்தில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டி, தட்டிக் கேட்டு, மறுபடி காட்டித்தான் அடிக்கத் தொடங்குவார்கள். நல்ல டெஸ்லா சுருளும் அதையே செய்கிறது: துணைச் சுருளின் துடிப்பை ஒரு சிறு அன்ரனாவால் கேட்டு, அந்தத் தாளத்துக்கே மொஸ்பெட்களைத் திறந்து மூடுகிறது. பின்னூட்டம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்தவருக்கு அது ஏன் தேவைப்படுகிறது என்று இந்தத் தோல்விதான் காட்டும்.

உயரமும் கணக்கில் வரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஐதான காற்று குறைந்த வோல்ற்றளவிலேயே உடைந்து பொறிக்கு வழிவிடும். ஒரே சுருள், ஒரே வழங்கல், ஆனால் கிரகரி வாவிக்கரையில் பொறி எழும்பும் வோல்ற்றளவும் காலிமுகத்திடலில் எழும்பும் வோல்ற்றளவும் ஒன்றல்ல. கொழுந்து ஒரே செடியாக இருந்தாலும் உயரத்துக்கு உயரம் சாயம் மாறும் என்பதைத் தெரிந்த ஊரில் இதைப் புரியவைப்பது கடினமா? டெஸ்லா தன் பிரமாண்டமான சுருளை நிறுவி 1899இல் பரிசோதனை நடத்திய கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரமும் கிட்டத்தட்ட நுவரெலியாவின் உயரம்தான். அவர் நிழற்படங்களில் தெரியும் பொறிகளை நம் பிள்ளைகள் அதே அடர்த்தியுள்ள காற்றில் நின்று ஒப்பிடலாம். கொழும்பின் பெரிய பாடசாலைகளுக்கு இல்லாத வசதி இது என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வதில் தப்பில்லை.

இனி ஆட்சேபங்கள். முதலாவதும் மிக நியாயமானதும் ஆபத்து பற்றியது. லயத்தில் மின்கசிவால் தீ என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. ஒரு கூரையில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளிடம் உயர் வோல்ற்றளவைக் கொடுப்பதா? கொடுக்கக்கூடாத ஒன்று உண்டு. அதைத் தயங்காமல் தடை செய்ய வேண்டும். சுவரில் உள்ள 230 வோல்ற்றை நேராகச் சீராக்கி, 325 வோல்ற் நேரோட்டமாக மொஸ்பெட்டுக்குக் கொடுக்கும் வடிவம் இணையத்தில் பரவிக் கிடக்கிறது. அது ஆளைக் கொல்லும். பொறி அல்ல, அடியில் இருக்கும் அந்தச் சீராக்கியும் மின்னேற்றிய கொள்ளளவியும் கொல்லும். பாடசாலைக்கு ஏற்றது 24 வோல்ற்: இரண்டு 12 வோல்ற் மின்கலங்கள், நடுவே ஓர் உருகி. பொறி ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வரும், வரட்டும். உயர் மீடிறன் உடம்பை ஒன்றும் செய்யாது என்ற கதையையும் அங்கேயே முறியடிக்க வேண்டும். அது நரம்பை அதிரவைக்காமல் இருக்கலாம், தோலைச் சுடும். சுடும்போது எச்சரிக்கையும் தராது. இதயமுடுக்கி பொருத்தியவர் அந்த அறைக்குள் வரவே கூடாது. சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பொறி ஓசோனை உண்டாக்கும். ஆசிரியர் இல்லாமல், வீட்டில், லயத்து அறையில் கட்டுவதற்கு நான் வாதாடவில்லை. ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்குவதும் பாதுகாப்பு ஆகாது. வீடியோ ஏற்கெனவே பிள்ளையின் கையில் இருக்கிறது. 230க்கும் 24க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல மட்டும் அங்கே ஆளில்லை.

அயல்வீட்டாரின் வானொலியும் ஆபத்துப் பட்டியலில் உண்டு, சிரிப்பதற்கில்லை. பழைய மத்திய அலை வானொலிகளின் இடைநிலை மீடிறன் 455 கிலோஹேர்ட்ஸ். நம் சுருள் 440இல் பாடுகிறது. பக்கத்தில் வைத்தால் வானொலி அலறும். ஆகையால் சில செக்கன்களுக்கு மேல் ஓட்டக்கூடாது, திறந்த வெளியில் ஓட்டவே கூடாது. ஆனால் இதே தொல்லை ஓர் அளவுகோலாகவும் பயன்படும். அரைப்பாலம் கொடுப்பது சதுர அலை. சதுர அலைக்குள் மூன்று மடங்கு மீடிறனும் ஒளிந்திருக்கும். சற்றுத் தள்ளி வைத்த வானொலியின் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் 1,320ஐ ஒட்டிய இடத்தில் இரைச்சல் கூடும். மூன்றால் வகுத்தால் சுருளின் மீடிறன். அலைகாட்டி வாங்கக் காசில்லாத பாடசாலையில் தாத்தாவின் வானொலி ஆய்வுகூட உபகரணமாகிவிடுகிறது.

இரண்டாவது ஆட்சேபம், இது விளையாட்டு, பரீட்சைக்கு உதவாது என்பது. பொறியை மட்டும் காட்டினால் விளையாட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரிவு, தூண்டல், கொள்ளளவி, திரான்சிற்றர் எல்லாம் உயர்தரப் பௌதிகவியலில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கின்றன. அவற்றை ஒரு மேசையில் சேர்த்து உட்காரவைக்கும் வேறு செயற்றிட்டம் சுலபத்தில் அகப்படாது. 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவுக்கும் இது பொருந்தும். பரீட்சைக்கு வெளியேயும் பாருங்கள். வீட்டுக் கூரையின் சூரிய மின்கலத்தோடு வரும் இன்வேட்டர், தூண்டல் அடுப்பு, கைபேசி சார்ஜர், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியின் காற்றாடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, எல்லாவற்றுக்குள்ளும் இதே உத்திதான் மாறி மாறித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டி பழுதானால் இன்று ஆள் எங்கிருந்து வருகிறார்? தோட்டத்துப் பிள்ளை அதே தொழிற்சாலைக்குள் பெட்டியைத் திருத்தும் கருவிப்பையோடு நுழைவதற்கான பயிற்சி, சில்வர் கிண்ணத்தோடு தொடங்குவதில் என்ன குறை?

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எழுபதுகளில் பொறுப்பேற்ற காலத்திலிருந்து விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தின் தீராத நோய். நிரந்தரப் பௌதிகவியல் ஆசிரியரே இல்லாத இடத்தில் மொஸ்பெட்டைப் பற்றிப் பேசுவது, சோற்றுக்கு வழியில்லாதவனுக்குப் பாயசத்தின் பக்குவம் சொல்வது போலத்தான் ஒலிக்கும். சிமுலேஷன் ஆசிரியருக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020, 2021 கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளுக்குத் திரைக் கல்வியின் எல்லை நன்றாகத் தெரியும். ஆனால் எல்.ரி.ஸ்பைஸை ஒருமுறை பென்டிரைவில் கொண்டுவந்தால் போதும், பிறகு இணையம் தேவையில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் விஞ்ஞான ஆசிரியர்கள் சுருள் ஒன்றை ஒரு தடவை கணித்து, ஒத்திகை பார்த்து, கட்டிவிட்டு வெளியே வந்தால், அவர்கள் போகும் பாடசாலைகளுக்கு அது கூடவே போகும்.

மொழிச் சிக்கல் ஒன்றும் உண்டு, பேசப்படாதது. நம் பாடநூலில் மீடிறன், கொள்ளளவி, பரிவு. தமிழ்நாட்டுக் காணொளியில் அதிர்வெண், மின்தேக்கி, ஒத்ததிர்வு. மென்பொருளில் எல்லாம் ஆங்கிலம். ஒரே பொருளுக்கு மூன்று பெயர் என்று தெரியாமல், மூன்று பொருள் என்று நினைத்துத் தடுமாறும் மாணவர் திறமைக் குறைவானவர் அல்லர். அவருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு பக்கச் சொற்பட்டியலை நாம் அச்சடிக்கவில்லை. ஐம்பது சொல்லுக்குள் முடிந்துவிடும் வேலை.

கடைசியாக, நான் மாற்றச் சொல்வது மிகச் சிறியது. விஞ்ஞானக் கண்காட்சிகளில் எரிவதற்கும் சுழல்வதற்கும் பொறி பறப்பதற்கும் புள்ளி கொடுக்கிறோம். நன்றாகப் பொறி கக்கும், வாங்கி ஒட்டிய சுருள் பரிசு பெறும். 440 என்று கணித்து, 405 என்று அளந்து, அந்த 35 எங்கே போனது என்று தவித்து, மேசையின் இரும்புச் சட்டம் கிட்டே இருந்தது என்று கண்டுபிடித்த பிள்ளை ஓர் ஓரத்தில் நிற்கும். ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்களின் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கான புள்ளித்தாளில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: ‘கணித்தது’, ‘அளந்தது’. இரண்டும் நிரம்பியிருந்தால்தான் கருவியை இயக்கிக் காட்ட அனுமதி. வித்தியாசத்துக்குக் காரணம் எழுதியிருந்தால் பாதிப் புள்ளி அதற்கே. 230 வோல்ற்றில் செருகும் எந்தச் சுருளுக்கும் வாசலிலேயே அனுமதி இல்லை.